பல் போன அரிவாள்

தூண்டிலில் மாட்டிய மீனுக்கு உதடு கிழிந்திருக்கும். எவ்வளவு பதமாக முள்ளைக் கழற்றினாலும் வாயோரம் ஒரு பொத்தலாவது இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பேகூர் ஏரியில் பிடித்ததாகச் சொல்லி என் வீட்டுக்காரர் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டைகள் எல்லாவற்றுக்கும் உதடு முழுசாக இருந்தது. வயிற்றைத் தொட்டால் ஐஸில் கிடந்த சில்லிப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை. புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "கெரெ மீனுக்கு இருக்கிற டேஸ்டே வேற" என்று சொன்னார். பிறந்தது முதல் பெங்களூர் என்பதால் ஏரியைக் கெரெ என்றுதான் சொல்வார். நானும் ஆமாம் என்றேன்.

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டையை விளக்கடியில் விரித்து, எங்கே தையல் தப்பியிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவது. பல வருஷமாக இதையே செய்தால் கண் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்காது. காய்கறிக்காரரின் தராசு முதல் பக்கத்து வீட்டுக்காரியின் இருமல் வரைக்கும் எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். இப்படி இருப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. சந்தேகப்பட்டு நான் தோற்றது குறைவு.

என் வீட்டுக்காரர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வாரம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே அட்டைப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை வானம் பார்க்க வேண்டும்போல் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். காலையில் காபி குடித்துவிட்டு, மொபெட்டில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு டப்பாவில் பிசைந்த கோதுமை மாவு வாங்கிக்கொண்டு கிளம்புவார். மாவு மீனுக்கு இரை. முன்பெல்லாம் மத்தியானம் உள்ளங்கை நீளத்தில் இரண்டு மூன்று மீன் வரும். சில நாள் ஒன்றும் வராது, அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிடுவார். இந்த வருஷம் மழை ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரம்கூட வெறுங்கையோடு வரவில்லை. மீனும் பெரிசு பெரிசாக வந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி வேறு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் எல்லாப் பெண்களுக்கும் வரும் நினைப்புதான் எனக்கும் வந்தது. சட்டையை முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசனையோ பூ வாசனையோ இல்லை. வேர்வையும் வெயிலும் ஒரு பச்சை வாசனையும் அடித்தது. அந்தப் பச்சை வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. ஆனால் எங்கே என்று யோசிக்க மனசு வரவில்லை, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிப் போன பிறகு நானும் பஸ் பிடித்து ஏரிக்குப் போனேன். கரையில் வழக்கமாகத் தூண்டில் போடும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் தெரிந்த ஒருவர் என்னையும் அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மழைக்கு முன்னாடி பாத்தது" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலமும் மீன் வந்தது. அதையும் குழம்பு வைத்தேன்.

அவர் தூங்கப் போனதும் மொபெட்டைப் பார்த்தேன். ஏரிக்கரை மண் கறுப்பு, சாக்கடை கலந்த நாற்றம் அடிக்கும். டயரில் ஒட்டியிருந்தது செம்மண். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஏதோ சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன். காய்ந்த பயிர்த் தாள். அதோடு சிறு சிறு மணிகள் என் உள்ளங்கையில் உதிர்ந்தன. கடுகு மாதிரி, ஆனால் சிவப்பு.

ராகி. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. வேறு பெண் என்றால் சண்டை போட்டு, அழுது, ஒரு முடிவுக்கு வரலாம். நிலம் என்றால் அப்படி இல்லை.

நான் ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஊரில் பிறந்தவள். ராகி முற்றும் மாதங்களில் யானை இறங்கும். வயலில் பரண் கட்டி, அப்பாவோடு காவலுக்கு என்னையும் ஏற்றிவிடுவார்கள், மூத்தவள் என்பதால். என் கையில் ஒரு தகர டின்னும் குச்சியும் இருக்கும். விடிந்ததும் இறங்கி அப்படியே பள்ளிக்கூடம். அறுப்பு வந்தால் பள்ளிக்கூடமும் கிடையாது. இடது கையால் தாளைக் கொத்தாகப் பிடித்து வலது கையால் அரிவாளை இழுக்கும்போது, பிடியின் அடியில் இருப்பது சுண்டு விரல். ஒரு வருஷம் அரிவாள் தாளோடு சேர்த்து என் சுண்டு விரலின் நுனியையும் வாங்கிக்கொண்டது. மஞ்சளும் துணியும் கட்டி, மறுநாளே கதிர்க் கட்டுக் கட்ட அனுப்பினார்கள்.

அதனால்தான் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேச விட்டபோது, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நிலம் இருக்கா? பாவம், நான் ஆசையில் கேட்கிறேன் என்று நினைத்துக் கூனிக் குறுகிப் போய்விட்டார். "ஒரு சென்ட்டுகூட இல்லீங்க. ஸ்ரீராம்புரத்துல வாடகை வீடு. அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை" என்றார். அப்படியானால் கட்டிக்கொள்கிறேன் என்றேன். கூடவே இதையும் சொன்னேன். இனிமேல் என் கால் வரப்பில் படாது, வயல் வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. அவர் சரி என்று தலையாட்டினார். கல்யாணமான புதிதில் காரணம் தெரியட்டும் என்று பரண் கதையெல்லாம் சொன்னேன். கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார். "எத்தினி யானை? தந்தம் இருந்துச்சா?" என்பார்.

இப்போது அந்த மனுஷனின் வண்டியில் ராகி. நிலம் வாங்கிவிட்டாரா, குத்தகைக்கு எடுத்துவிட்டாரா, ரிட்டையர் ஆனதும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் குடிசை போடப் போகிறாரா? இப்படி ஊர் ஊராகக் கிளம்பியிருக்கிறதே ஒரு விவசாயப் பைத்தியம். எங்கள் கம்பெனி மேனேஜர்கூட ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போட்டோ எடுத்து அனுப்புகிறார். வயலைப் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்குத்தான் அதன் மேல் இவ்வளவு ஆசை வரும்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து மொபெட்டின் பக்கவாட்டுப் பையைத் துழாவினேன். மேலே மாவு டப்பா, உள்ளே போன வாரத்து மாவு கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்கு அடியில் சாக்குத் துணியில் சுற்றிய அரிவாள். பிரித்துப் பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெல்லிசான வளைந்த தகடு, கைக்கு அடக்கமான பிடி, கதிர் அறுக்கிற கருக்கரிவாள்தான். ஆனால் கருக்கைக் காணோம். கருக்கு என்றால் வாய் நெடுக இருக்கும் பொடிப் பொடிப் பல். அந்தப் பல்தான் வழுக்குகிற தாளைக் கவ்வி அறுக்கும். அதை யாரோ சாணை பிடித்து மழுமழுவென்று வழித்திருந்தார்கள். பிடிக்குப் பக்கத்தில் மட்டும் நாலைந்து பல் மிச்சம். காய்கறிக் கத்தியைத் தீட்டுவதுபோல் கருக்கரிவாளைத் தீட்டக் கொடுக்கிற ஆளை எங்கள் ஊரில் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் அந்தப் பெயரை வைத்தே கூப்பிட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை அவர் மொபெட்டை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"என்ன?" என்றார்.

"இன்னிக்கு நானும் வரேன். மீன் புடிக்க."

"வெயிலு தாங்காதும்மா உனக்கு."

"தாங்கும். போங்க."

முகத்தைப் பார்க்க முடியவில்லை, காது சிவந்ததைப் பார்த்தேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஏரிப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினார். நான் சாக்கில் சுற்றிய அரிவாளைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அங்க இல்ல. செம்மண்ணு இருக்கிற பக்கம் போங்க" என்றேன். வண்டி ஓரமாக நின்றது. பிறகு வண்டியைத் திருப்பினார்.

பன்னேர்கட்டா தாண்டி ஆனேக்கல் பக்கமாகப் போனோம். அபார்ட்மெண்ட்கள் குறைந்து, மனை விற்கும் லேஅவுட் பலகைகள் வந்து, பலகைகளுக்கு நடுவே வயல்கள் வந்தன. "வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"என்னத்த?"

"நெலம்."

"அய்யோ, இல்லம்மா. நம்மால ஆவுமா? சும்மா ஒருத்தங்க வயல்ல ஒத்தாசைக்குப் போறேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று யாராவது சொன்னாலே அதற்கு மேல் ஏதோ இருக்கிறது என்பது என் அனுபவம். "இந்த அரிவாளுக்கு ஏன் பல்லப் புடுங்கினீங்க?" என்றேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "பல்லு இருந்தா வெரல வாங்கிடும்னு நீதானே சொன்ன. கையில வெட்டோட வீட்டுக்கு வந்தா நீ கண்டுபுடிச்சிடுவ" என்றார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. கோபத்தில் இருந்ததால் சிரிக்கவில்லை.

ஊர் எல்லையில் ரோட்டின் பாதியை அடைத்து ராகிக் கதிரைத் தாளோடு பரப்பியிருந்தார்கள். பெங்களூரைச் சுற்றி இது ஒரு வழக்கம். களமும் கதிர் அடிக்கும் கல்லுருளையும் இல்லாதவர்கள் அறுத்ததை ரோட்டில் போட்டுவிடுவார்கள், போகிற லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுக்கும். மற்ற மொபெட்காரர்கள் வழுக்கும் என்று ஒதுங்கிப் போனார்கள். இவர் வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே அதன் மேல் ஏற்றி, காலைத் தரையில் ஊன்றி ஊன்றி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓட்டினார். திரும்பி இன்னொரு முறையும் ஓட்டினார். பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. ஓரத்தில் முறத்தோடு நின்ற பெண் கையை ஆட்டிச் சிரித்தாள். என் வயசுதான் இருக்கும். முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய சேலை, தலையில் துண்டு.

"நம்ம மனெயவ்ரு" என்று அவளிடம் என்னைக் காட்டினார். என் வீட்டுக்காரி என்று அர்த்தம். குரலில் தெம்பே இல்லை.

அவளுடைய வயல் ரோட்டை ஒட்டியே இருந்தது. அவளுடைய புருஷன் தூரத்தில் டிராக்டரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என்னிடமிருந்து அரிவாளை வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வயலில் இறங்கினார். நான் வரப்பில் ஏறவில்லை. ரோட்டு மைல்கல்லில் உட்கார்ந்தேன். முந்தானையைச் சுற்றி இடது கையை உள்ளே வைத்துக்கொண்டேன், அது எனக்கு வெளியாட்கள் முன்னால் பழக்கம்.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள், அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான்.

"உங்களுக்கு வயலுன்னா ஆகாதாமே அக்கா. சிட்டியிலயே பொறந்து வளந்தவங்கன்னு சொன்னார்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"அவரு?" என்றேன்.

"அவரு ராயக்கோட்டை ஆளாமே. சின்ன வயசுல பரண் மேல உக்காந்து டின்னு அடிச்சி யானை ஓட்டினவராம். ஹௌதா, நெஜமா?"

மைல்கல்லின் சூடு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் குழாயடியில் குடம் நகர்த்தினதைத் தவிர எதையும் விரட்டாத மனுஷன், என் பரணில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். என் டின்னை அடித்திருக்கிறார். வீட்டில் எது காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, இது போனது தெரியவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல என் ஊர் ஏதோ திருவிழா ஊர் மாதிரி இருந்தது. கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கப் பேடா. சிட்டி ஆளு வண்டியில வந்து வயலச் சுத்திப் பாத்தாலே எங்களுக்கு பயம் அக்கா. இப்படிச் சிரிச்சிப் பேசி வந்த ஒரு ஆளுதான் பக்கத்து வயல லேஅவுட் ஆக்கிட்டான். உங்கவரையும் புரோக்கருன்னுதான் நெனைச்சோம். வெரட்டத்தான் பாத்தோம். யானைக் கதை எல்லாம் சொன்ன பெறகுதான் நம்மவருக்கு நம்பிக்கை வந்துச்சு. ஆனா அந்த அரிவாளப் பாத்ததிலிருந்து நம்மவருக்கு மறுபடி சந்தேகம். ஊர்க்காரன் எவனாவது கருக்க வழிப்பானா? நீங்க சொல்லுங்க. அவரு நெஜமா ஊர் ஆளுதானா?"

வயலைப் பார்த்தேன். அவர் குனிந்து, கொத்தைத் தப்பாகப் பிடித்து, தாளை அறுக்காமல் அரிவாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மொட்டை வாய் வழுக்க வழுக்க, கடைசியில் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அந்தத் தெளிச்சி முகத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஞாயிறு முதல் அவர் பேகூர் கரையில் உட்கார வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் எங்கள் இரண்டு பேரில் ராகி அறுத்த கை என்னுடையதுதான் என்றும் தெரிந்துவிடும். பிறகு அறுப்புக்கு அக்கா ஒரு கை கொடுங்கள் என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதைத்தான் இத்தனை வருஷமாக நான் வாசலில் நின்று மறித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஊர் ஆளுதான்" என்றேன். "அந்த அரிவாள் என்னால வந்த வினை. வீதியில சாணை புடிக்கிறவரு வந்தாரு. வீட்டுக் கத்தியோட அதையும் தூக்கிக் குடுத்துட்டேன். மழுமழுன்னு வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இவரு பாத்துட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாரு. சிட்டிக்காரிக்கு என்ன தெரியும் சொல்லுங்க."

அவள் சிரித்தாள். டிராக்டர் பக்கம் பார்த்துக் கன்னடத்தில் உரக்கச் சொன்னாள், அங்கே புருஷனும் சிரித்தான். என் முட்டாள்தனம் அந்த வயல் முழுக்கப் பரவியது. எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. கருக்கைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, அந்தப் பல் எதற்கு, தாள் எப்படி வழுக்கும் என்று அவள் விளக்கினாள். அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் கிளம்பினோம். அவர் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் முறம் நிறைய அவரைக்காய் கொண்டுவந்தாள். ராகி வயலில் நடுநடுவே சால் போட்டு அவரை விதைப்பார்கள், அதன் காய். "புடிங்க அக்கா" என்று முறத்தைச் சாய்த்தாள். என்னிடம் பை இல்லை. யோசிக்காமல் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

காய் விழுந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றது. அவள் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையை நானும் அப்போதுதான் பார்த்தேன். அதே சுண்டு விரலில், நுனி இருந்தது, ஆனால் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. இனி புருஷனைக் கூப்பிடுவாள், பொய் சொன்னோம் என்று இரண்டு பேரையும் சேர்த்து விரட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் முறத்தில் மிச்சம் இருந்த காயையும் மெதுவாகத் தள்ளினாள். முந்தானையின் ஓரத்தை மடித்து என் கை மேல் போட்டு மூடினாள். அவருக்குக் கேட்காத குரலில், "யானை வந்தப்போ பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் அப்பா கேட்டதில்லை. இவரும் கேட்டதில்லை.

"ரொம்ப" என்றேன்.

"எனக்கு இங்க காட்டுப்பன்னி" என்றாள். பிறகு சத்தமாக, "அடுத்த வாரம் அரிவாள் கொண்டுவரப் பேடா அண்ணா, நாங்களே குடுக்கறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர் வண்டியை ராகித் தாள் மேல் ஏற்றவில்லை, ஒதுங்கி ஓட்டினார். லேஅவுட் பலகைகள் வந்ததும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "என்ன பேசிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"மீனைப் பத்தி" என்றேன்.

பொம்மனஹள்ளி வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.